மாடிப்படி வழியே ஏறும் ஒயர்

வடசென்னையில் மூலக்கொத்தளம், பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து வீடுகளுக்கு முகப்பு குறுகல். 15 அடி அகலம், 40, 50 அடி நீளம், தரைத்தளத்தில் ஒரு கடையோ பட்டறையோ, அதற்கு மேல் அண்ணன் குடும்பம், அதற்கும் மேல் தம்பி குடும்பம், மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஓர் அறை. தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் ஒயர் வாசல் வழியாக நுழையும். நெட் கம்பெனி ஆள் மோடத்தை வாசலுக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போவார். கடையில் நெட் பறக்கும், முதல் மாடியில் தவழும், இரண்டாம் மாடியில் பாடம் படிக்கும் பிள்ளைக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது யாரோ ஒருவர் மூன்று வெள்ளைப் பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபை வாங்கச் சொல்வார். அது நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒயரால் இணைத்தால்தான் இந்த வகை வீட்டில் அவை காசுக்கு ஏற்ற வேலை செய்யும். அதனால் பெட்டியைப் பற்றி யோசிக்கும் முன் ஒயர் எந்த வழியே மேலே ஏறும் என்று முடிவு செய்யுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு முடிவைச் சுற்றித்தான் நகர்கிறது.

எல்லோருக்கும் மெஷ் தேவையில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அரசு வாரியக் குடியிருப்பில் ஒரே தளத்தில் சுமார் 400 சதுர அடி வீட்டில் இருப்பவர்கள் இதற்குச் செலவு செய்ய வேண்டாம். மோடத்தை வாசல் மூலையிலிருந்து ஹாலின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மேலே நகர்த்தினாலே பெரும்பாலும் குறை தீர்ந்துவிடும். பீரோவின் மேலேயும் டிவிக்குப் பின்னாலும் அதை வைக்காதீர்கள். இரும்புத் தகடு அலையைத் திருப்பி அடிக்கும். இரண்டு தளத்துக்கு மேல் நெட் போக வேண்டிய வீடுகளுக்குத்தான் இனி வரும் பேச்சு.

மூலக்கொத்தளம் என்ற பெயரில் வரும் கொத்தளம் என்றால் கோட்டை மதிலில் துருத்தி நிற்கும் அரண். பழைய மதராஸ் பட்டணத்தைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டில் எழுந்த மதிலின் நினைவு வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. அதில் மிஞ்சிய ஒரு துண்டு ராயபுரத்தில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. வைஃபைக்கு வேண்டிய முதல் கணக்கும் மதிலைப் பற்றியதுதான். அலையின் பலத்தை டெசிபலில் அளக்கிறார்கள். 10 டெசிபல் குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகும், 20 குறைந்தால் நூறில் ஒரு பங்காகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை 9 அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டும்போது சுமார் 10 டெசிபல் இழப்பது சாதாரணம். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் 15 முதல் 20 டெசிபல் வரை, சில சமயம் அதற்கு மேலும் விழுங்கும். தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்குப் போக இரண்டு தளம் தாண்ட வேண்டும். அப்படியானால் தூரத்தையும் கதவையும் பீரோவையும் கணக்கில் சேர்க்காமலே ஆயிரத்தில் ஒரு பங்கு, மோசமானால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் நன்றாக ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அந்த மூன்றையும் முப்பது வீடுகள் பங்கு போடுகின்றன.

‘இன்னும் பவர்ஃபுல்லான ஒரே ரூட்டர், ஆறு ஆன்டெனா வைத்தது, வாங்கினால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. வைஃபை இருவழிப் பேச்சு. தெருமுனையில் மைக் செட் கட்டிப் பேசுபவரின் குரல் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். அங்கிருந்து நீங்கள் சொல்லும் பதில் அவர் காதில் விழாது. செல்போனின் ஆன்டெனா சிறியது, அதன் பேட்டரியும் சிறியது. ரூட்டர் எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் போன் அதே மெல்லிய குரலில்தான் பதில் சொல்லும். மேல்மாடியில் வைஃபை கோடு முழுசாகத் தெரிந்தும் வீடியோ கால் உடைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் காற்றிலேயே பேசிக்கொள்ளும், ஒயரே வேண்டாம் என்றுதானே விற்கிறார்கள்? உண்மைதான். வீட்டுக்கான மெஷ் பெட்டிகள் 2016 வாக்கில் அமெரிக்கச் சந்தையில் பரவியபோது ஒயர் இல்லாததையே பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் அங்கே பல வீடுகள் மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை, அலைக்கு அது துணித் திரை மாதிரி. நம் வீட்டில் இரண்டாவது பெட்டியும் அதே கான்கிரீட் தளத்தைத் தாண்டித்தான் முதல் பெட்டியிடம் பேச வேண்டும். அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண மெஷ் பெட்டி கீழிருந்து வாங்குவதற்கும் உங்கள் போனுக்குக் கொடுப்பதற்கும் ஒரே ரேடியோவை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. மெட்ரோ வாட்டர் லாரியில் குடம் பிடித்தவரே மாடி ஏறி ஊற்றிவிட்டு மறுபடி இறங்கி வந்து பிடிப்பது போல. பெட்டியிலிருந்து பெட்டிக்கு ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதி வரை குறையும். மூன்று ரேடியோ வைத்த விலை கூடிய பெட்டியில் பெட்டிகளுக்கு இடையிலான பேச்சுக்கென்று தனி ரேடியோ இருக்கும். அதனால் பாதி பாதியாகக் குறைவது நிற்கும். ஆனாலும் அந்தத் தனி ரேடியோவும் தளத்தைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற யாரும் குடம் சுமப்பதில்லை, மோட்டார் போட்டுப் பைப் இழுக்கிறோம். நெட்டுக்கு அந்தப் பைப் ஈதர்நெட் ஒயர். 100 மீட்டர் வரை விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தை ஒரு துளி சிந்தாமல் கொண்டு போகும்.

வேலையைத் தொடங்கும் இடம் கடையல்ல, உங்கள் மோடம். ஒரு லேப்டாப்பை மோடத்தோடு ஒயரால் இணைத்து வேகம் பாருங்கள். நீங்கள் காசு கட்டும் வேகம் அங்கேயே வரவில்லை என்றால் எத்தனை பெட்டி வாங்கினாலும் பயனில்லை, முதலில் நெட் கம்பெனியைக் கூப்பிடுங்கள். அங்கே சரியாக வந்தால் ஒரு தாளில் தளத்துக்கு ஒரு கட்டம் போட்டு, எந்த இடத்தில் யார் எதற்கு நெட் பயன்படுத்துகிறார்கள் என்று குறியுங்கள். பிறகு வைஃபை பலத்தை எண்ணாகக் காட்டும் ஒரு ஆப்பை ஆண்ட்ராய்டு போனில் இறக்கி, ஒவ்வோர் இடத்திலும் நின்று எண்ணை எழுதுங்கள். அந்த எண் மைனஸில் வரும். மைனஸ் 50 அருமை, மைனஸ் 65 வரை வீடியோ காலுக்குத் தாங்கும், மைனஸ் 75ஐத் தாண்டினால் தொல்லைதான். இதை மத்தியானத்தில் செய்யாதீர்கள். இரவு 9 மணிக்கு, தெருவே நெட்டில் இருக்கும்போது, அறைக் கதவைச் சாத்திவிட்டு எண்ணோடு வேகத்தையும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது ஒயரின் பாதை. தளத்தில் ஏற்கெனவே இருக்கும் பெரிய ஓட்டை மாடிப்படிதான். படிக்கட்டுச் சுவரின் உள்பக்க மூலையை ஒட்டி, எலக்ட்ரீஷியன்கள் கேசிங் கேப்பிங் என்று சொல்லும் மூடி போட்ட பிவிசி பட்டையை அடித்துக்கொண்டே போனால், எந்தத் தளத்தையும் துளைக்காமல் மொட்டை மாடி வரை ஏறிவிடலாம். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் இதை நுழைக்கக் கூடாது. வசதிதானே என்று தோன்றும், ஆனால் ஆபத்து. எங்காவது தோல் உரிந்தால் 230 வோல்ட் உங்கள் மோடத்துக்கும் அதைத் தொடும் கைக்கும் வந்து சேரும். கரண்ட் ஒயரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டு போங்கள், குறுக்கே தாண்ட வேண்டி வந்தால் நேர்க்குறுக்காகத் தாண்டுங்கள். வெளிச்சுவர் வழியாகத்தான் போக முடியும் என்றால், வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புற ஒயரைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றினால் மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்து உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டி, அதிலிருந்து அதற்கடுத்தது என்று சங்கிலியாகவும் இணைக்கலாம். ஆனால் முதல் மாடியில் யாராவது ஸ்விட்சை அணைத்தால் இரண்டாம் மாடியும் சேர்ந்து படுத்துவிடும். அண்ணன் தம்பி ஒரே நெட்டைப் பகிரும் வீட்டில் இது தேவையில்லாத மனஸ்தாபம். மோடம் பக்கத்திலிருந்து தளத்துக்கு ஒரு தனி ஒயர் என்று இழுங்கள். ஒயருக்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம்தான். பட்டை அடிக்கும் கூலி ஓர் ஒயருக்கும் மூன்று ஒயருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

ஒயர் வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கேட் 6 என்று உறையில் அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் தெருக் கடையாக இருந்தாலும், ஓர் அடி வெட்டித் தரச் சொல்லி ஒரு முனையில் உறையை உரியுங்கள். உள்ளே முறுக்கிய நான்கு ஜோடி, மொத்தம் எட்டு ஒயர் இருக்கும். ஒன்றின் தோலை நகத்தால் உரித்து, உள்ளே தெரியும் கம்பியை பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். சுரண்டச் சுரண்டச் செம்பு நிறமே வந்தால் செம்பு. சிவப்புக்கு அடியில் வெள்ளி நிறம் எட்டிப்பார்த்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், நான்கு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும், கிளிப்புக்குள்ளேயே தளரும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். இந்த ஒயர் சுவரில் 15 வருஷம் இருக்கப் போகிறது, மேலே மாட்டும் பெட்டியை அதற்குள் மூன்று முறை மாற்றியிருப்பீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

முனையில் ஆர்ஜே 45 கிளிப் அடிக்கும்போது நிற வரிசை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமான வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கிளிப்பின் நாக்கு கீழே பார்க்க, பொன்னிறப் பற்கள் மேலே தெரிய, இடமிருந்து வலமாக இந்த வரிசை அமைய வேண்டும். வெள்ளை-பச்சைக்குப் பக்கத்திலேயே பச்சையை வைத்து ஜோடியைக் குலைக்காதீர்கள், அதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒயரின் வெளி உறையும் கிளிப்புக்குள் நுழைந்த பிறகு கிரிம்பிங் டூலை அழுத்துங்கள், அப்போதுதான் இழுத்தாலும் ஒயர் கழன்று வராது. அடித்து முடித்ததும் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று பாருங்கள். ஒன்று விட்டாலும் பல சமயம் நெட் வரத்தான் செய்யும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு ஒயர் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆகவே 200 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் மேல்மாடியில் வேகம் எப்போதும் 94 பக்கத்திலேயே நின்றால், பெட்டியைக் குறை சொல்லும் முன் கிளிப்பை வெட்டிப் புதிதாக அடித்துப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் கிளிப்பின் பற்களில் களிம்பு ஏற்றும். பொன்முலாம் கெட்டியாகப் பூசிய கிளிப்பை வாங்குங்கள். காலியாக இருக்கும் சாக்கெட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

‘வாடகை வீடு, ஓனர் ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டார்’ என்பது இந்தப் பக்கத்தில் நியாயமான கவலை. அங்கும் வழி உண்டு. கேபிள் டிவிக்காக ஜன்னல் ஓரத்தில் யாரோ போட்ட ஓட்டை அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும், ஈதர்நெட் ஒயரும் அதிலேயே நுழையும். படிக்கட்டில் பட்டைக்குப் பதிலாக இருபக்க டேப்பில் ஒட்டும் சிறு கிளிப்புகள் போதும். வீட்டைக் காலி செய்யும்போது ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். அதுவும் முடியாத இடத்தில்தான் காற்று வழி. அப்போது மேல் பெட்டியை மாடிப்படி திறக்கும் வாசலுக்கு நேரே வையுங்கள். கீழ்ப்பெட்டியும் படியின் அடியில் இருக்கட்டும். அலை தளத்தை முட்டாமல் படிக்கட்டின் வெளி வழியாக ஏறும். வேகம் குறையும், ஆனால் நெட் அறுபடாது. கரண்ட் ஒயரிலேயே நெட்டை அனுப்பும் பிளக்குகளை சிலர் சொல்வார்கள். தளத்துக்குத் தளம் வேறு பேஸ், தனித்தனி மீட்டர் என்று இருக்கும் வீட்டில் அவற்றை நம்பி இறங்க வேண்டாம்.

ஒயர் ஏறிய பிறகுதான் பெட்டி. இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒயர் போய்விட்டால் மெஷ் பெட்டிகூடக் கட்டாயமில்லை. பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை, ரூட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றி, அதே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும். மெஷ் தருவது இரண்டு நன்மை. பேசிக்கொண்டே படி ஏறும்போது போனை அடுத்த பெட்டிக்குத் தாவும்படி அது தூண்டும், எல்லாப் பெட்டியையும் ஒரே ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் வேண்டும் என்றால் வாங்குங்கள். வாங்கும்போது அட்டையில் பெரிதாக அச்சிட்ட சதுர அடியைப் பார்க்காதீர்கள், அது தடையில்லாத வெளிக்குப் போட்ட கணக்கு. பார்க்க வேண்டியவை வேறு. ஒவ்வொரு பெட்டியிலும் குறைந்தது இரண்டு ஈதர்நெட் போர்ட், அவை 100 அல்ல, 1000 எம்பிபிஎஸ் போர்ட். ஒயர் வழி இணைப்பையும் ஆக்சஸ் பாயின்ட் முறையையும் ஏற்கும் என்ற உறுதி. வைஃபை 6 போதும். 100, 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு வைஃபை 7 வாங்குவது காசைக் கடலில் கரைப்பது. மூன்று தளம் என்றாலும் முதலில் இரண்டே வாங்குங்கள். அளந்து பார்த்து, குறை இருந்தால் மூன்றாவது. தேவைக்கு மேல் பெட்டிகள் இருந்தால் அவை ஒன்றையொன்று இடறும்.

அமைக்கும்போது எல்லாப் பெட்டியையும் மோடம் இருக்கும் அறைக்கே கொண்டு வாருங்கள். முதல் பெட்டியை மோடத்தோடு இணைத்து, ஆப்பில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, மற்றவற்றைப் பக்கத்திலேயே வைத்துச் சேர்த்து, மென்பொருள் அப்டேட்டை முடித்துவிட்டு மேலே எடுத்துச் செல்லுங்கள். தளத்துக்கொன்றாக வந்த ஒயர்களைப் பிரிக்க முதல் பெட்டியில் போர்ட் போதாவிட்டால் ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். மேலே ஒயரைச் செருகியதும் ஆப்பில் அந்தப் பெட்டியின் இணைப்பு ஈதர்நெட் என்று மாற வேண்டும். மாறவில்லை என்றால் அது இன்னும் காற்றில்தான் பேசுகிறது, உங்கள் ஒயர் சும்மா கிடக்கிறது. அடுத்து, நெட் கம்பெனி மோடமும் ரூட்டர் வேலை செய்யும், மெஷ்ஷும் அதையே செய்யும். இரண்டும் ஒரே வேலையைச் செய்தால் கேமராவும் சில கேம்களும் தகராறு பண்ணும். எளிய தீர்வு, மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவது. மோடத்தின் சொந்த வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடையில் இருக்கும் போன் அதையே பிடித்துக்கொண்டு மேலே வந்தும் விடாது. கடைக்கு வருபவர்களுக்கும் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் விருந்தினர் நெட்வொர்க் தனியாகத் திறங்கள். ஆப்பின் நிர்வாகப் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

சேனல் விஷயத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்து, 1, 6, 11இல் எது காலியோ அதற்கு மாற்றுங்கள். போன், டிவி, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு விடுங்கள். இந்தியாவில் 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமில்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள், அங்கே இடம் தாராளம். அந்த அலை சுவரைத் தாண்டாதே என்பது இப்போது குறையல்ல. பெட்டி பக்கத்திலேயே இருப்பதால் அது பல தளம் தாண்ட வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் அலையும் உங்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

கரண்ட் போனால் எல்லாம் போகும் என்பதால் மோடத்துக்கும் பெட்டிகளுக்கும் சிறிய ரூட்டர் யூபிஎஸ் வாங்குவது நல்லது. அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று படித்துவிட்டு அதற்குரியதை வாங்குங்கள், மாற்றிச் செருகினால் பெட்டி கருகலாம். மோடமும் ஸ்விட்சும் தரையோரத்தில் இருக்கவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. ஊரே போனில் ஆள் தேடும் அந்த நேரத்தில்தான் நெட் மிகவும் தேவைப்படும். மோடத்தை ஆள் உயரத்துக்கு மேலே, முடிந்தால் படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். ஃபைபர் ஒயரை அங்கே கொண்டு போகும்போது மூலையில் மடிக்காமல் வளைத்து விடச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மடித்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும்.

பட்டையின் மூடியை உடனே அழுத்திவிடாதீர்கள். இரவு 9 மணிக்கு வீட்டிலிருந்து ஒருவர் வெளியே இருப்பவருக்கு வீடியோ கால் போட்டு, கடையிலிருந்து மொட்டை மாடி வரை நிதானமாக ஏறி இறங்கட்டும். எந்தப் படியில் படம் உறைகிறதோ அங்கே நின்று எண்ணைப் பார்த்து, மேல் பெட்டியை இரண்டடி இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். பழைய தாளில் எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதுங்கள். எந்த ஒயர் எந்தத் தளத்துக்குப் போகிறது என்று இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டிவிட்டு, அதன் பிறகு மூடியை அழுத்துங்கள்.